பாட்டனார் வைத்த நிதி

(மஹா ஸம்ப்ரோக்ஷண விழாச் சொற்பொழிவு)



பாட்டனார் வைத்துவிட்டுப் போன பொருள் என்றால் எவருடைய உள்ளமும் சற்று நெகிழும். சில இல்லங்களில் அது ஒரு சாளக்கிராமம். சில இல்லங்களில் ஓர் ஏட்டுச் சுவடி. வேறு சிலவற்றில் பாட்டியார் நாள்தோறும் திரியிட்டு ஏற்றிய ஒரு குத்துவிளக்கு. கடைத்தெருவில் விலை கேட்டால் அது சொற்பமே பெறும். ஆயினும், பாகப் பிரிவினையின்போது நஞ்சையையும் புஞ்சையையும் விட்டுக்கொடுக்க இசைகின்ற உடன்பிறந்தார், அந்த விளக்கை விட்டுக்கொடுக்க மட்டும் இசைவதில்லை.

ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரையிலே இத்தகைய பிதிரார்ஜிதம் ஒன்றைப் பற்றிய வரலாறு உண்டு. வைத்துப் போனவர் ஸ்ரீமந் நாதமுனிகள். பெற்றவர் அவருடைய திருப்பேரனாராகிய ஆளவந்தார். இடையே அதனைக் காத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அக்குடும்பத்தவர் அல்லர். கேட்டுப் பெறவேண்டியவரோ தமக்கு அப்படி ஒரு பொருள் உண்டென்பதையே அறியார்.

காட்டுமன்னார்கோயில் என்று இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் வாழ்ந்தவர் நாதமுனிகள். யாத்திரிகர் சிலர் அங்கே வந்து, 'ஆராவமுதே' என்று தொடங்கும் திருவாய்மொழிப் பதிகத்தைச் சேவிக்கக் கேட்டு உருகினார். அதன் முடிவிலே ஆயிரத்துள் இப்பத்து என்ற குறிப்பு இருந்தது. எஞ்சியவை எங்கே என்று வினவினால், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவற்றைத் தேடித் திருக்குடந்தைக்கும், பின்னர்த் திருக்குருகூருக்கும் சென்றார். அங்கே கண்ணிநுண் சிறுத்தாம்பினைப் பன்னீராயிரம் உரு ஓதி, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வரலாறு. மருமக்கள் இருவரைக் கொண்டு அவற்றுக்கு இசை கூட்டினார். கேட்ட பத்துப் பாட்டோடு மன நிறைவு கொண்டு அவர் வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

அவரிடம் இருந்த செல்வம் இருவகைப்பட்டது. ஒன்று திவ்யப் பிரபந்தமும் அதன் பொருளும். மற்றொன்று யோக ரகசியம். மாணாக்கராகிய உய்யக்கொண்டாரை நோக்கி எது வேண்டும் என்று கேட்டபோது, உலகம் துன்பத்தில் அழுந்திக் கிடக்கையில் தாம் மட்டும் தனித்திருந்து யோக இன்பம் நுகர்வது தகாது என்று சொல்லி, அவர் பிரபந்தத்தை வேண்டிக்கொண்டார். யோகம் குருகைக் காவலப்பன் வசமாயிற்று. தம் குமாரர் ஈசுவரமுனிக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிட வேண்டும் என்றும், தாம் வைத்த பொருள் அக்குழந்தையைச் சேரவேண்டும் என்றும் பணித்துவிட்டு நாதமுனிகள் மறைந்தார். பேரன் முகத்தை அவர் கண்டதில்லை. உய்யக்கொண்டாரும் தமக்குப் பின் மணக்கால் நம்பியிடம் அப்பொறுப்பை ஒப்புவித்தார். மணக்கால் என்பது லால்குடிக்கு அருகே உள்ள சிற்றூர்.

பேரனார் பிறந்தது 916ஆம் ஆண்டை ஒட்டி என்பது மரபுவழிக் கணக்கு. ஆராய்ச்சியாளர் சிலர் சற்றுப் பிற்படுத்துவர். இளம் பிராயத்திலேயே ஆக்கியாழ்வான் என்னும் அரசவைப் புலவனை வாதில் வென்று, பந்தயப்படி பாதி நாட்டை அடைந்தார். எம்மை ஆள வந்தவர் என்று அரசி மகிழ்ந்து அழைத்ததால் ஆளவந்தார் ஆனார். அரண்மனையும் பரிவாரமும் அமைந்தன. பாட்டனாரின் நினைவுக்கு அங்கே இடம் ஏது?

மணக்கால் நம்பி வந்து பார்க்கிறார். வாயிற் காவலர் விடவில்லை. அந்த முதியவர் செய்த உபாயம் வெகு எளியது. ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் உண்டென்று அறிந்து, நாள்தோறும் அதனைப் பறித்துக் கொண்டுவந்து மடைப்பள்ளியில் கொடுத்தார். தூதுவளை முட்கொடி, கையில் கீறல் படாமல் பறிப்பது அரிது. இவ்வாறு ஆறு திங்கள்! ஒருவரும் அவரை யாரென்று கேட்கவில்லை. பின்பு நான்கு நாள் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் அமுது செய்யும்போது, இலையில் கீரை இல்லையே என்று ஆளவந்தார் வினவ, கொண்டுவரும் கிழவர் வரவில்லை என்றார்கள் பரிசாரகர். வந்தால் அழைத்து வருக என்று ஆணை பிறந்தது. ஆறு திங்கள் கிடைத்த கீரை கேட்காத கேள்வியை, நான்கு நாள் கிடைக்காத கீரை கேட்டுவிட்டது.

எதிரே வந்து நின்றவரிடம், பொன் வேண்டுமோ, நிலம் வேண்டுமோ என்று கேட்டார் ஆளவந்தார். தமக்கு ஒன்றும் வேண்டா என்றார் நம்பி. தேவரீருடைய பாட்டனார் தேடி வைத்த தனம் தம் வசம் இருக்கிறது. அதைக் கொடுத்து முடியும்வரை தடையின்றி வந்து போக அனுமதி வேண்டும், அவ்வளவே என்றார். அது எத்தகைய நிதி என்று கேட்டதற்கு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஏழு மதில்களுக்கு உள்ளே, ஒரு பெரும் பாம்பு காத்திருக்க உள்ளது. தென் திசையிலிருந்து அரக்கன் ஒருவன் பன்னீராண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போகிறான் என்று விடை வந்தது.

கேட்டவருக்கு ஆசை உண்டாயிற்று. அரசருக்குப் புதையல் மேல் ஆசை வருவது இயற்கைதானே! நம்பி உடனே காட்டிவிடவில்லை. நாள்தோறும் வந்து கீதையின் பொருளைச் சொன்னார். கேட்கக் கேட்க, ஆளவந்தாருக்கு ஆட்சியில் இருந்த பிடிப்புத் தளர்ந்தது. அதன் பின்னரே அவரைத் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏழு மதில்களையும் கடந்து, அரவணைமேல் பள்ளிகொண்ட பெரிய பெருமாள் முன்னே நிறுத்தி, இதுவே உம் பாட்டனார் வைத்த நிதி என்று காட்டினார். விபீஷணனே அந்த அரக்கன் என்று விளக்கவும் வேண்டுமோ? ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை. துறவு பூண்டு அரங்கத்திலேயே தங்கிவிட்டார்.

கதையை இவ்வளவோடு நிறுத்துவோர் பலர். குருபரம்பரை நிறுத்தவில்லை. இன்னொரு பங்கு குருகைக் காவலப்பனிடம் இருந்ததல்லவா? அதைப் பெற ஆளவந்தார் சென்றார். காவலப்பன் யோகத்தில் ஆழ்ந்திருந்தார். அதைக் கலைக்க மனமின்றிச் சுவருக்குப் பின்னே ஓசைப்படாமல் நின்றார் இவர். யோகத்தில் இருந்தவரோ திரும்பி, சொட்டைக் குலத்தார் எவரேனும் வந்திருக்கிறாரோ என்று கேட்டார். சொட்டைக் குலம் என்பது நாதமுனிகளின் குடி. தம்மோடு கலந்திருக்கும் எம்பெருமான், பிராட்டியையும் பாராமல், தம் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பின்புறம் பார்த்தான். நாதமுனிகள் வழிவந்தாரிடம் அன்றி அவனுக்கு இந்தப் பரபரப்பு உண்டாகாது என்றாராம்.

யோகத்தைச் சொல்லித் தர அவர் ஒரு நாளைக் குறித்து எழுதிக் கொடுத்தார். ஆளவந்தார் அரங்கம் மீண்டார். திருநாளில் அரையர் திருவனந்தபுரப் பதிகத்தைப் பாடக் கேட்டு, அந்தத் தலத்தைச் சேவிக்கும் வேட்கையில் அப்போதே புறப்பட்டுவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்த பின் ஓலையை எடுத்துப் பார்த்தால், குறித்த நாள் அன்றைய நாளே! காவலப்பன் உடலை விட்டு நீங்கும் நாளும் அதுவே. பறந்து செல்ல ஒரு புட்பக விமானம் இல்லையே என்று நைந்தார் ஆளவந்தார். அந்தப் பங்கு அவர் கைக்கு வரவே இல்லை. நாதமுனிகள் இயற்றிய யோகரகசியம் என்னும் நூலும் இன்று கிடைப்பதில்லை. நியாயதத்துவமும் பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளாக மட்டுமே தெரிய வருகிறது. பிரபந்தப் பங்கு மட்டும் நிலைத்தது. அரையர்கள் திருவரங்கத்தில் இன்றும் பாடுகிறார்கள்.

ஆளவந்தார் வடமொழியில் இயற்றிய தோத்திரரத்தினம் 65 சுலோகங்கள் உடையது. வாதில் வென்றவர், நாடு பெற்றவர், நாடு துறந்தவர், இராமாநுசருக்கு ஆசாரியர்களைத் தந்தவர். சொல்லிக்கொள்ளத் தகுதிகள் எத்தனையோ உண்டு. கடைசிச் சுலோகத்தில் அவற்றுள் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. தம் நடத்தையைக் கணக்கில் கொள்ள வேண்டா என்று வேண்டுகிறார். தாம் ஒருநாளும் கண்டிராத பாட்டனாரின் பெயரைச் சொல்லி, அவரைப் பார்த்துத் தமக்கு இரங்குமாறு அரங்கனிடம் விண்ணப்பம் செய்கிறார்.