வெயிலிருந்தும் விளக்கில்லையோ?



கொங்கு நாட்டில் நூலாலைகள் பல்கியது, 1932-இல் பைக்காராவில் நீர்மின் பிறந்த பின்னரே. மின்னை நம்பி எழுந்த நாடு மின்னின்றி என்னாகும் என்பதை 2012-இல் கோவை கண்டது. வார்ப்பட உலைகள் அவிந்தன, தறிகள் ஓய்ந்தன. பொருள் படைத்தோர் தீசல் எண்ணெயில் ஓடும் மின்னாக்கியை வாங்கினர். சோமனூர்த் தறிக்காரன் என் செய்வான்? தறியருகே கைகட்டி அமர்ந்திருந்தான்.

இன்று கூரைதோறும் கதிரொளித் தகடுகள் ஏறி வருகின்றன. நன்று! ஆயினும் உச்சிவெயிலிலேயே பொதுக்கம்பியில் மின் நின்றால் அத்தகடுகளும் நின்றுவிடுகின்றனவே, ஏன்? பழுதன்று. கம்பியில் பணிபுரியும் தொழிலாளி மேல் மின் பாயாதிருக்கும் பொருட்டு, கடைத்தெருவில் இன்வெர்ட்டர் என வழங்கும் கருவி தானே அடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. விற்க வருவோர் இதனை வாய்திறந்து சொல்வது அரிது.

இக்குறை தீர்ப்பதே சிறு மின்வலை. தடை நேர்ந்தவுடன் ஆலை தன்னைப் பொதுக்கம்பியினின்று விலக்கிக்கொள்ளும். மின்னாக்கி முன்நின்று மின்னலையை வகுக்கும். தகடுகள் அவ்வலையைப் பின்பற்றி மின் தரும். தகடு தருமளவு எண்ணெய் மிஞ்சும். ஆனால், மின்னாக்கியை அறவே ஒடுக்கிவிடலாகாது. அதன் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கேனும் சுமை இருத்தல் வேண்டும். குறைந்தால் எண்ணெய் முற்றும் எரியாமல் பொறிக்குள் கரி படியும். அவ்வேளையில் தகட்டின் மின்னை அடக்கத் தனியே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். அலையை வகுக்கவல்ல கருவியோடு மின்கல அடுக்கும் சேருமாயின், வெயில் நேரத்தில் மின்னாக்கியை நிறுத்தியே வைக்கலாம்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியை அறியாதார் உளரோ? 2006-இல் 1 கோடியே 55 இலக்கம் உருபா செலவில், உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட்டுக் காற்றாலை ஒன்றை நிறுவியது. பெரும்பகுதி வைப்பகக் கடன். மின் விற்ற தொகையே அக்கடனை அடைத்தது. ஓர் ஊர் தன் தலைவிதியைத் தானே எழுதிய செயல் அது! எனினும் ஒன்றை எண்ணுக. அம்மின் பொதுக்கம்பி வழியே செல்வது. கம்பி நின்றால், தொலைவில் சுழலும் காற்றாலை ஊர் விளக்கை ஏற்றாது. மின்னை ஆக்குவது வேறு. அதனை ஊருக்குள் காத்து வைப்பது வேறு.

பல்லடத்திலும் சோமனூரிலும் தனித்தனியே மின்னாக்கி வாங்க மாட்டாத தறிக்காரர் பதின்மர் ஒருங்கு கூடினால், ஒரு மின்னாக்கியையும் பத்துக் கூரைகளையும் ஒரு வலையில் பிணைக்க இயலும். அதற்கு மின்வாரிய இசைவு வேண்டும். அவ்விசைவைக் கேட்கும் முதல் விண்ணப்பம் எத்தெருவினின்று எழும்?