வரி வீதமும் வரும் பயனும்: பிறநாட்டுக் கணக்கு



வருமான வரி என்றதும் இச்சபையிலே இருவகை முகங்கள் தெரிகின்றன. வைத்தியர்களும் பொறியியலாளர்களும், சம்பளம் கைக்கு வருமுன்னரே அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறதே என்று முகம் சுளிக்கின்றனர். கமக்காரர்களோ, அது படித்தவர்கள் பாடு, நமக்கென்ன என்றிருக்கின்றனர். இரு சாராரும் பிழையான கணக்கையே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லத் துணிகிறேன்.

முதலிலே படித்தவர்களுக்கு. 2023 ஜனவரி முதல் இந்நாட்டில் வருமான வரியின் உச்ச வீதம் நூற்றுக்கு 36. அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் உச்ச வீதமோ 37. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். (அங்கே அது பெருஞ் செல்வரையே தொடும், இங்கே விசேட வைத்தியரையும் தொட்டுவிடும் என்பது வேறு விடயம்.) ஆனால் 1965இல் அமெரிக்காவில் நிறைவேறிய மருத்துவக் காப்புறுதிச் சட்டம் 65 வயதைக் கடந்தோருக்கும் வறியோருக்குமே கைகொடுத்தது. ஏனையோரிற் பெரும்பாலார் முதலாளி தரும் காப்புறுதியையே நம்பியிருக்கின்றனர். வேலை போனால் அதற்கும் ஆபத்து. பிரித்தானியாவிலே உச்ச வீதம் 45. ஆயினும் 1948 ஜூலை 5ஆந் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவையில், சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரிடம் எவரும் பில்லை நீட்டுவதில்லை. இங்கே 1945இல் வந்த இலவசக் கல்வியினாலே பட்டம் பெற்றவர்கள் இச்சபையில் எத்தனை பேர்! அந்த வரவையும் கணக்கிலே எழுதவேண்டாமா?

இனி டென்மார்க். நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 40இற்கு மேல் வரியாகச் செல்கிறது. கடைப்பொருளுக்கு 25 வீதப் பெறுமதி சேர் வரி வேறு. மக்கள் முணுமுணுக்காமலில்லை, வரியை ஒழிப்போம் என்று கிளம்பிய கட்சி 1973ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டாமிடத்தைப் பிடித்தது. ஆயினும் சமூக நலத் திட்டங்கள் சாயவில்லை. ஏன்? விடையைக் கமக்காரர்கள் கேட்கவேண்டும்.

1891இலே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கமக்காரர் பக்கம் வலிமை பெற்றிருந்தது. நிலத்தின் மேலே சுமை ஏறுவதை அவர்கள் விரும்பவில்லை. எனவே பியருக்கு வரி விதித்தார்கள். 60 வயதைக் கடந்த வறியோருக்கு, சந்தா எதுவுங் கேளாமல், பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்கினார்கள். சுவீடனிலும் கமக்காரர் ஒதுங்கி நிற்கவில்லை. 1913இல் வந்த ஓய்வூதியச் சட்டம் ஆலைத் தொழிலாளி, குடியானவன் என்று பிரியாமல் ஏறக்குறைய எல்லாக் குடிகளையும் சேர்த்துக்கொண்டது. ஜேர்மனியின் கதை வேறு. பிஸ்மார்க் 1889இற் செய்த முதுமைக் காப்புறுதி கூலி பெறுவோருக்கானது. சொந்த நிலத்தை உழுதவர் தமக்கென ஒரு சட்டம் வர 1957 வரை, அறுபத்தெட்டு ஆண்டுகள், காத்திருந்தனர்.

நமது வயலுக்கு வருவோம். வரி கட்டுவதில்லை என்றெண்ணும் கமக்காரர், 2024 ஜனவரி முதல் 18 வீதப் பெறுமதி சேர் வரியைச் சவர்க்காரத்திலும் உழவு இயந்திரத்துக்கு ஊற்றும் டீசலிலும் கட்டிவருகிறார். வைத்தியரின் வரிக்குப் பற்றுச்சீட்டாவது உண்டு; இவருக்கு அதுவுமில்லை. பயனோ? அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம். தனியார் துறையினருக்கு 1958 முதல் சேமலாப நிதி. ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். கமக்காரருக்கு 1987இல் வந்த ஓய்வூதியத் திட்டம் சந்தா கட்டியவருக்கு மட்டுமே. நிதி வற்றியபோது அக்கொடுப்பனவும் சிலகாலம் நின்றது.

வரி குறைந்தால் எல்லோருக்கும் இலாபம் என்பாரும் உளர். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியும் தளர்த்தப்பட்டது. 2022இல் அரசாங்கத்தின் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 7.3 வீதமாகச் சுருங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது. வைத்தியசாலைகளிலே மருந்தில்லை. வரிக்குறைப்பாற் பயனடைந்த அதே வைத்தியர், வெளியே வாங்கி வாருங்கள் என்று கமக்காரருக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

வரியைக் குறை என்று ஒருசாராரும், உரமானியம் தா என்று மறுசாராரும் தனித்தனியே கொழும்புக்கு மனுப்போடுவதை இவ்வாண்டேனும் விட்டுவிடுவோம். உழுதவருக்கும் உத்தியோகத்தருக்கும் பொதுவான, சந்தா கேளாத முதியோர் ஓய்வூதியம் ஒன்று வரிப்பணத்திலிருந்து வேண்டும் என ஒரே மனுவாக எழுதி, வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படுமுன் நமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கையிலே கொடுப்போம்.