தோளுக்குள் ஒரு பை: வெட்டுமுன் கேளுங்கள்!

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்ச லோகத்தைப் பற்றியதல்ல. நம் ஒவ்வொருவருடைய தோளுக்குள்ளும் இருக்கிற ஒரு சிறு பையைப் பற்றியதேயாகும். "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இங்கு வந்திருப்பவர்களில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; சுவருக்கு வெள்ளையடிக்கிறவர்கள், தறியில் உட்காருகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமற் போனால் இவர்களுக்கு அன்றைய கூலி போயிற்று. கூலி போனால் அடுப்பும் அணைந்தது. ஆகவே தோளைப் பற்றிப் பேசுவது சோற்றைப் பற்றிப் பேசுவதேயாகும்.

முதலில் தோளின் அமைப்பைப் பார்ப்போம். இடுப்பு மூட்டு என்பது ஆழமான கிண்ணத்தில் போட்ட பந்து போன்றது. தோள் மூட்டோ சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது. அதனால்தான் கையை நாலாபக்கமும் சுழற்ற முடிகிறது; அதனால்தான் அது சுலபமாகக் கெட்டும் போகிறது. இந்தப் பழம் தட்டிலிருந்து உருண்டு விழாமல் நான்கு தசைகள் சுற்றி நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தசையை எலும்போடு கட்டுகிற கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். இந்த நான்கு நாண்களுக்கு மேலே, கூரையைப் போல, தோள்பட்டை எலும்பின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. கூரைக்கும் கயிற்றுக்கும் நடுவில்தான் நாம் சொன்ன பை இருக்கிறது. வைத்தியர்கள் இதைப் பர்சா என்பார்கள். நாம் மசகுப்பை என்று வைத்துக்கொள்வோம். உடம்பிலுள்ள இத்தகைய பைகளில் இதுவே மிகப் பெரியது. இதன் உட்தோல் சில உயிரணுக்களின் கனமே உள்ளது. நல்ல தோளில் உள்ளே நீரும் மிகக் கொஞ்சமே. கை உயரும்போது நாணும் எலும்பும் ஒன்றையொன்று உரசாமல் வழுக்கிச் செல்ல இது உதவுகிறது.

இதன் வேலை இவ்வளவுதான், வெறும் எண்ணெய் விடுகிற வேலைதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அது சரியல்ல என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த சங்கதி.

கீழேயுள்ள நாண் நைந்தாலும் கிழிந்தாலும் மேலேயுள்ள பை சும்மா இருப்பதில்லை. அதன் சுவர் தடிக்கிறது, புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, ரத்தத்திலிருந்து காவல் அணுக்கள் வந்து சேருகின்றன, நீர் கூடுகிறது. வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் அதில் உண்டு. 1998-ல் ஜப்பானிய வைத்தியர்கள், தோள்நாண் நோயுள்ளவர்களின் மசகுப்பையில், வலிச்செய்தியோடு சம்பந்தப்பட்ட 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் பொருள் மிகுந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: நாண் முழுதும் கிழிந்தவர்களைவிட, ஓட்டையாகாமல் பாதியளவில் கிழிந்தவர்களிடத்திலேயே அது அதிகமாக இருந்தது. அதாவது, கிழிசல் பெரிதானால் வலியும் பெரிது என்கிற கணக்கு இங்கே செல்லாது.

மூட்டுக்குக் கேடு வந்தாலும் இதே கதைதான். மூட்டின் உட்தோலும் இந்தப் பையின் உட்தோலும் ஒரே ஜாதி. ஜாதி என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுவதால் ஒரே வகை என்போம். அதனால் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் இந்தப் பையையும் விடுவதில்லை. நல்ல தோளில் மூட்டுக்கும் பைக்கும் நடுவே நாண் சுவர்போல் நிற்கிறது. நாண் முழுதும் கிழிந்தால் சுவரில் வாசல் திறந்ததுபோல் ஆகி, தேய்ந்த மூட்டிலுள்ள நீர் அப்படியே பைக்குள் பாய்கிறது. முன்பெல்லாம் இதை வைத்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். மூட்டுக்குள் மருந்துநீரைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அது பையிலும் தெரிந்தால் நாண் கிழிந்துவிட்டது என்று தீர்மானிப்பார்கள்.

ஆகவே பை வீங்குவது பெரும்பாலும் தானாக வந்த வினையல்ல. பக்கத்து வீட்டில் தீப்பிடித்ததைக் கண்டு இந்த வீட்டுக்காரன் போடும் கூச்சலாகும். கூச்சல் காதைத் துளைக்கிறது என்பதற்காகக் கூச்சலிட்டவன் வாயைப் பொத்திவிட்டால் தீ அணைந்துவிடுமா என்று கேட்கிறோம்.

நிற்க, நம் மக்கள் தோள்வலிக்கு என்ன காரணம் சொல்லுகிறார்கள்? ஒருவர் வாயு என்கிறார்; ஒருவர் சனி தோளில் உட்கார்ந்துவிட்டான் என்கிறார். எள் விளக்கு ஏற்றுகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். சனி உட்கார வேண்டுமானால் மூட்டை தூக்குகிறவன் தோள்தானா கிடைத்தது? மெத்தையில் சாய்ந்திருப்பவன் தோள் அவனுக்கு இன்னும் சௌகரியமாயிற்றே! இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாம் சொல்ல விரும்புவது, படித்தவர்களிடமும் இதற்குத் தம்பியான ஒரு நம்பிக்கை இருந்தது என்பதையேயாகும்.

அது என்னவென்றால், மேலேயுள்ள எலும்பு நாணை உரசுவதால்தான் வலி என்பது. 1972-ல் அமெரிக்க வைத்தியர் சார்லஸ் நீர் இதைத் தெளிவாக எழுதி, எலும்பின் அடிப்பாகத்தைச் செதுக்கிவிடும் சிகிச்சையையும் சொன்னார். அவர் கெட்டிக்காரர், தாம் கண்டதைச் சொன்னார். அதில் தப்பில்லை. ஆனால் அதன்பின் வந்தவர்கள் உலகமெங்கும் எலும்பைச் செதுக்கினார்கள். வீங்கிய பையையும் வழித்தெடுத்தார்கள். நாண் கிழிந்ததைத் தைக்கும்போதும், பை கண்ணை மறைக்கிறது என்று அதை எடுப்பது வழக்கமாயிற்று. நோயாளிகள் பலருக்கு வலி குறைந்தது. "பார்த்தீர்களா, வெட்டினோம், வலி போயிற்று!" என்றார்கள். வெட்டியதனால்தான் போயிற்றா என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேரே.

தோழர்களே! கோவிலுக்குப் போனேன், காய்ச்சல் போயிற்று என்கிறவனை நாம் என்ன கேட்கிறோம்? போகாமலிருந்தால் காய்ச்சல் போயிருக்காதா என்று கேட்கிறோம். அதே கேள்வியைக் கத்தி பிடித்தவரையும் கேட்பதுதான் பகுத்தறிவு. பூசாரிக்கு ஒரு நியாயம், வைத்தியருக்கு ஒரு நியாயம் என்பது கிடையாது.

இந்தக் கேள்வியை இங்கிலாந்தில் கேட்டார்கள். 313 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எலும்பைச் செதுக்கிப் பையையும் எடுத்தார்கள். இரண்டாவது பிரிவுக்குத் தோளுக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்களேயன்றி எதையும் வெட்டவில்லை. மூன்றாவது பிரிவுக்குச் சிகிச்சையே செய்யவில்லை. 2017-ல் முடிவு வெளிவந்தது. வெட்டிக்கொண்டவர்களும் சும்மா பார்த்துக்கொண்டவர்களும் ஒரேமாதிரி குணமடைந்தார்கள். ஒன்றும் செய்யாதவர்களைவிட இவர்களுக்கு இருந்த லாபமும் கவனிக்கத்தக்க அளவில் இல்லை. பின்லாந்திலும் 210 பேரை வைத்து இவ்வாறே சோதித்து, 2018-ல் வெளியிட்டார்கள். அங்கும் வெட்டுக்கும் வெறும் பார்வைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. 2019-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த நிபுணர் குழுவின் ஆலோசனை, இத்தகைய வலிக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிற்று. அடிபட்டு நாண் அறுந்ததைத் தைப்பது வேறு விஷயம். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, வெட்டுவதால் லாபமில்லை என்றால், நஷ்டமாவது உண்டா? இங்கேதான் பை தன் கட்சியைச் சொல்லுகிறது. 1991-லேயே கனடா தேசத்து உத்தோஃப், சர்க்கார் என்ற இருவர், கிழிந்த நாண் ஆறுவதற்கு வேண்டிய ரத்தக்குழாயும் நாருமுள்ள புதுத் திசு பெரும்பாலும் இந்தப் பையின் சுவரிலிருந்தே வருகிறது என்று காட்டி, இதை அதிகமாக வழித்தெடுக்காதீர்கள் என்றார்கள். 2024-ல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாண் கேடுற்ற நோயாளிகளின் பையை எடுத்து அதிலுள்ள புரதங்களைச் சோதித்தபோது, கீழே நேர்ந்த கேட்டுக்குத் தக்கபடி பை மாறியிருப்பது தெரிந்தது. பிறகு எலிகளின் தோளில் ஒரு நாணை அறுத்து, சிலவற்றில் பையை விட்டும், சிலவற்றில் எடுத்தும் பார்த்தார்கள். பை இருந்த எலிகளில், அறுபடாத பக்கத்து நாண் தன் பலத்தை இழக்காமல் இருந்தது. அடியிலுள்ள எலும்பும் கெடாமல் இருந்தது. அறுந்த நாணில் புண்ணை ஆற்றும் வேலையைத் தொடங்கிவைப்பதிலும் பைக்குப் பங்கு இருந்தது. பைக்குள் மருந்தை வைத்தால் அது கீழேயுள்ள நாணின் அழற்சியைத் தணிக்கிறது என்றும் கண்டார்கள். அமெரிக்காவில் மாத்திரம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் தோள்நாண் சிகிச்சைகள் நடக்கின்றன. அவற்றில் பல தோற்றும் போகின்றன. அந்தச் சிகிச்சைகளில் சாதாரணமாகக் குப்பைக்குப் போவது இந்தப் பைதான் என்றால், இது யோசிக்கவேண்டிய விஷயமா இல்லையா?

உடனே நம்மவர்கள் சிலர் மசகுப்பைக்கு மாலை போட்டுக் கும்பாபிஷேகம் செய்யக் கிளம்பிவிடக் கூடாது! பை தெய்வமுமல்ல, பேயுமல்ல. அது செய்யும் அழற்சி ஆரம்பத்தில் ஆற்றுவதற்கு உதவும். ஓயாமல் நீடித்தால் அதுவே வலியாகித் தொல்லை தரும். அன்றியும் எலி எலிதான், மனிதன் மனிதன்தான். எலியில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா என்பதை மனிதர்களிடத்தில் சோதித்தே முடிவு செய்யவேண்டும். நாம் சொல்வதெல்லாம், வழக்கம் என்கிற ஒரே காரணத்துக்காக எதையும் வெட்டாதே என்பதுதான்.

இப்படிக் கேட்கும் துணிவுக்கு ஒரு முன்னோடி உண்டு. பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் கோட்மன் (1869–1940) என்று ஒரு வைத்தியர் இருந்தார். இந்தத் தோள்பையை ஆராய்ந்தவர். கிழிந்த தோள்நாணைத் தைத்ததை 1911-ல் எழுதினவர். 1934-ல் தோளைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் போட்டவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சிகிச்சை செய்தீர்களே, பிறகு நோயாளி என்ன ஆனான்?" ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து பார்த்து, பலனை ஊரறியச் சொல்லவேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரி அதை ஏற்கவில்லை. 1914-ல் வேலையை விட்டார். 1915-ல் ஒரு வைத்தியர் கூட்டத்தில், மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டையிடும் நெருப்புக்கோழியைப் படமாக எழுதி மாட்டிக் காட்டினார். பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் தம் சொந்த ஆஸ்பத்திரியில், 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் கணக்கை எழுதி, அதில் நேர்ந்த 123 தவறுகளையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். தன் தவறைத் தானே அச்சடிக்கிறவனிடம் நம் தோளைத் தைரியமாகக் கொடுக்கலாம் அல்லவா?

கடைசியாக, தோள் வலிக்கிற தோழர்கள் செய்யவேண்டியது என்ன? விழுந்தோ அடிபட்டோ கை தூக்க முடியாமற் போனால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். தாயத்துக் கட்டிக் காலத்தைக் கடத்தாதீர்கள். மெள்ள மெள்ள வந்த வலியானால், கையைத் துணியில் கட்டி மாதக்கணக்கில் தொங்கவிடாதீர்கள், மூட்டு இறுகிப்போகும். கற்றவர் சொல்லும் தோள்பயிற்சியைப் பொறுமையோடு செய்யுங்கள். ஊசி போட்டால் சில காலம் சுகம் உண்டு. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் நாண் பலவீனப்படலாம். ஸ்கேன் படத்தில் கிழிசல் தெரிகிறது என்றவுடனே நடுங்காதீர்கள். 1995-ல், தோள்வலியே இல்லாத 96 பேரைப் படம் எடுத்துப் பார்த்ததில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 54 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. படத்துக்கு வைத்தியம் செய்யக் கூடாது, மனிதனுக்குத்தான் செய்யவேண்டும்.

வெட்டவேண்டும் என்று வைத்தியர் சொன்னால் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காக வெட்டுகிறீர்கள்? வெட்டாவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பையை எடுக்கத்தான் வேண்டுமா? நல்ல வைத்தியர் இதற்குக் கோபிக்கமாட்டார், பதில் சொல்லுவார். கோபிக்கிறவரிடம் பதில் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

தோள் உங்களுடையது. அதைக் கொண்டு உழைப்பதும் நீங்கள், வலியைச் சகிப்பதும் நீங்கள். அப்படியிருக்க, கேள்வி கேட்கிற உரிமை மாத்திரம் எப்படி இன்னொருவருடையதாகும் என்பதை யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி இதை முடித்துக்கொள்ளுகிறோம்.