பெற்றோர் சிகிச்சைக்குப் பொருள் தேடுதல்

ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் உத்தியோகம் பார்ப்பவனுக்கு, இரவு பத்து மணிக்கு மேல் வரும் தொலைபேசி அழைப்பு எப்போதுமே வயிற்றைக் கலக்குவதாகும். 2019-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அத்தகைய அழைப்பு ஒன்று டில்லியில் எனக்கு வந்தது. தகப்பனாருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டிருப்பதாகத் தம்பி சொன்னான். அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதற் சொற்கள், "எவ்வளவு ஆகும்?" என்பவை. அதற்காக நெடுநாள் நாணினேன். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரோடு பேசிய பின்னரே, எல்லோர் வாயிலும் முதலில் வந்தது அந்தக் கேள்விதான் என்று அறிந்து ஒருவாறு ஆறுதல் அடைந்தேன்.

கேள்வியில் தவறில்லை. அதை யாரிடம் கேட்டேன் என்பதில்தான் தவறு. தம்பியிடம் கேட்டேன், உறவினரிடம் கேட்டேன், மருத்துவமனையிடம் கேட்டேனில்லை. யாரோ பத்து லட்சம் என்றார்கள். மூன்றே நாளில், ஆற்றங்கரையை ஒட்டியிருந்த நன்செயை, வாங்குபவர் சொன்ன விலைக்கே விற்கச் சம்மதித்துவிட்டேன். விற்பவன் அவசரத்தில் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு விலை எங்கே நிற்கும்? பின்னர்தான் விவரம் புரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்திற்கு ஐந்து நாளாக ஏழு வாரம், அதனிடையே மருந்து, அதன் பின் மாதந்தோறும் பரிசோதனை. பணம் ஒரே நாளில் தேவைப்படவில்லை. பல மாதங்களில் தவணை தவணையாகவே தேவைப்பட்டது. நிலமோ போனது போனதுதான்.

ஆகவே, நண்பர்களே, எந்தப் பொருளையும் விற்குமுன் மருத்துவமனையிடமிருந்து செலவு மதிப்பீட்டை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். நோயின் பெயர், சிகிச்சையின் வகை, காலம், தொகை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். மற்றக் கதவுகள் எல்லாம் அந்த ஒரு தாளைக் காட்டினால்தான் திறக்கும்.

நமக்கு உரிமையாக வரக்கூடியவற்றை முதலில் பார்ப்போம். மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு 1954-இல் டில்லியில் தொடங்கிய சுகாதாரத் திட்டம் உண்டு; ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அதில் அடங்குவர். ஆனால் பெற்றோரின் சொந்த வருமானத்திற்கு ஒரு வரம்பு இருக்கிறது. என் தகப்பனாருக்கு வந்த கடை வாடகை அந்த வரம்பைச் சற்றே தாண்டியிருந்தமையால் எனக்கு அது பயன்படவில்லை. தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோரின் வருங்கால வைப்பு நிதியில், நோயின் பொருட்டு முன்பணம் பெறலாம். அதைத் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எதுவாயினும், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. நம் போன்றோர்க்கு அதில் ஒரு தனி வசதியும் உண்டு. ஊரில் எடுத்த அட்டையைக் கொண்டு, திட்டத்தில் சேர்ந்துள்ள வேறு மாநில மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். ஆனால் சேர்க்கும்போதே அட்டையைக் காட்ட வேண்டும்; கைப்பணத்தைச் செலவழித்துவிட்டு ரசீதுடன் பின்னர் போய் நிற்பதில் பயனில்லை.

1948-இல், பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்காக ஏற்படுத்தப்பட்ட பிரதமரின் தேசிய நிவாரண நிதி, இன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஒரு பகுதி உதவுகிறது என்பதைப் பலர் அறியார். அதற்கும் மேற்சொன்ன மதிப்பீட்டுத் தாள் வேண்டும். ரயில் பயணத்திலும் சலுகை உண்டு. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணை செல்பவர் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையின் சான்றிதழ் இருந்தால் போதும்.

இவ்வளவும் போக மீதிக்கு மனிதரிடம்தான் போக வேண்டும். இங்கேதான் நம்மவருக்கு நா எழுவதில்லை. உதவி கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்துச் சில ஊர்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். பணமுடை உள்ளவர் ஊரை அழைத்து விருந்திடுவார். உண்டவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியவரின் முறை வரும்போது இவர் திருப்பி எழுதுவார். வட்டி இல்லை, மறதியும் இல்லை. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையும் கேட்டுப் பெற்ற பணத்தில் எழுந்ததுதான். தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார்.

மொழிபெயர்ப்பாளன் என்பதால் என்னிடம் வேண்டுகோள் கடிதம் எழுதித் தரும்படி சிலர் வருவதுண்டு. முதன்முதலில் எழுதியபோது, கல்லூரியில் கற்ற அலங்காரம் அத்தனையும் கொட்டினேன். கருணைக் கடல் என்றேன். கண்ணீர் வெள்ளம் என்றேன். கேட்டவர் எங்கள் குடியிருப்பில் வசித்த ஒரு குமாஸ்தா. அவர் தாயாருக்கு மார்பில் புற்றுநோய். கடிதத்தைப் பொறுமையாகப் படித்தவர், "சார், இதில் எங்கள் அம்மா எங்கே?" என்று கேட்டார். திரும்ப எழுதினோம். இன்னாருக்கு இன்ன நோய், இன்ன மருத்துவமனை, மதிப்பீடு இவ்வளவு, அரசாங்கத் திட்டத்தில் இவ்வளவு கிடைத்தது, எங்கள் கைப்பணம் இவ்வளவு, குறைவது இவ்வளவு. நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நேரே மருத்துவமனைக்கே செலுத்தலாம் என்பது கடைசி வரி. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. இரண்டு வாரத்தில் பணம் சேர்ந்தது.

இக்காலத்தில் இணையத்தின் வழியாக முன்பின் அறியாதாரிடமும் நிதி கேட்க முடிகிறது. கேட்கலாம், நடத்துவோர் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். மூக்கில் குழாயுடன் படுத்திருக்கும் தாயின் படத்தை, அவள் அனுமதியின்றி ஊரறியப் போடுவது மாத்திரம் எனக்குச் சம்மதமில்லை.

இது என்னை மீண்டும் என் தகப்பனாரிடம் கொண்டுவந்து விடுகிறது. செலவை அவரிடம் மறைத்தோம். நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று தொலைபேசியில் கடன் கேட்டது, உள்ளே படுத்திருந்த அவர் காதில் விழுந்திருக்கிறது. "எனக்காக எதற்கடா இதெல்லாம்" என்று சொல்வார், சிகிச்சை வேண்டாம் என்பார் என்றே அஞ்சினேன். பேச முடியாத நிலையில் சைகையால் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். நாற்பது வருஷம் மளிகைக் கடையில் பற்று வரவு எழுதிய கை. யார் யார், எவ்வளவு, கடனா கொடையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நிலம் விற்ற வரியை எழுதும்போது மட்டும் சற்று நிறுத்தினார். விலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, மேலே எழுதினார். அதன் பின் சாப்பிட மறுத்ததில்லை. சிகிச்சைக்குப் போகும் நாளில் முதல் ஆளாக எழுந்து உட்கார்ந்திருப்பார். கணக்கு தம் கைக்கு வந்த பிறகே அவருக்கு மனம் நிலைத்தது போலும்.

நான்கு ஆண்டுகள் இருந்தார். 2023-இல் அவர் காலமானபோது, நோட்டில் பதினோரு பெயர்கள் அவர் கையாலேயே அடிக்கப்பட்டிருந்தன. மிகுதி நான்கில் இரண்டை நான் தீர்த்துவிட்டேன். ஒன்றுக்குத் தை மாதம் வரை தவணை கேட்டிருக்கிறேன். இன்னொருவர், அந்தக் குமாஸ்தா. எப்போது கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார்.