கண்டதும் பிடித்ததும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி வரும். அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்? கொலம்பஸ் என்று எழுதினால் ஒரு மார்க். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் கண்டுபிடித்தவர் யார்? கேப்டன் குக். அதுக்கும் ஒரு மார்க். நாம எல்லாரும் அந்த மார்க்கை வாங்கினவங்கதான். இன்னைக்கு அந்தப் பதிலைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

கண்டுபிடித்தல் என்கிற தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு வினை இருக்கிறது. காண்பது ஒன்று, பிடிப்பது ஒன்று. ஐரோப்பியக் கப்பல்கள் கண்டன, பிடித்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் என் பேச்சு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, இந்தியப் பெருங்கடலுக்குத் தெற்கே ஒரு பெருநிலம் இருப்பதாகக் கருதினார். வடக்கே இவ்வளவு நிலம் இருந்தால் எடைக்கு எடை தெற்கேயும் நிலம் இருந்தே தீரும் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட நிலப்படத் தொகுப்பில், உலகத்தின் அடிப்பாகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கண்டம் கிடக்கிறது. அதன் பெயர் 'இன்னும் அறியப்படாத தென்னிலம்'. ஒருத்தரும் பார்த்ததில்லை, ஆனா படத்தில் இருக்கு. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாழ்ந்துவரும் ஆஸ்திரேலியா அந்தப் படத்தில் இல்லை. இல்லாததை வரைவதும் இருப்பதை விடுவதும் எந்தக் கையில் பேனா இருக்கிறதோ அந்தக் கையின் வேலை.

படம் வரைவதற்கு முன்பே பட்டா தயாராகிவிட்டது. கிறித்தவரல்லாதவரின் நாடுகளைக் கைப்பற்றவும், அந்த மக்களை நிரந்தர அடிமையாக்கவும் 1452இலும் 1455இலும் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்த்துக்கல் மன்னனுக்கு ஆணை கொடுத்தார். கொலம்பஸ் போய்த் திரும்பியதும் 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் ஸ்பெயினுக்கு ஆணை கொடுத்தார். 1494இல் டோர்டெசில்லாஸ் ஒப்பந்தம். கேப் வெர்டி தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தூரத்தில் கடல்மீது ஒரு கோடு. இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த மக்களில் ஒருத்தரைக்கூடக் கேட்கல.

தென்னிலத்தைத் தேடிப் பலர் போனார்கள். 1606இல் டச்சுக்காரரான வில்லெம் யான்ஸூன் ஆஸ்திரேலியாவின் வடக்கில் கேப் யார்க் கரையில் இறங்கினார். பூர்வகுடிகளோடு மோதல் நடந்தது, கப்பல் திரும்பியது. 1642இல் டாஸ்மன் நியூசிலாந்தை அடைந்தார். மாவோரி மக்கள் எதிர்த்ததில் அவருடைய ஆட்கள் நான்கு பேர் செத்தார்கள். அந்த விரிகுடாவுக்கு 'கொலைகாரர் விரிகுடா' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அடுத்தவன் வாசலுக்குப் போனவன், வாசல்காரனுக்கு வைத்த பெயர் அது.

அடுத்து வந்தவர் ஜேம்ஸ் குக். 1768 ஆகஸ்டில் எண்டெவர் கப்பல் பிளிமத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. சூரியனை வெள்ளிக் கிரகம் கடப்பதை தஹிதி தீவிலிருந்து அளப்பது பயணத்தின் வெளிப்படையான நோக்கம். 1769 ஜூன் 3 அன்று அளந்தார்கள். அது அறிவியல், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குக்கிடம் கடற்படைத் தலைமை கொடுத்த இன்னொரு ரகசிய உத்தரவு இருந்தது. தென்னிலத்தைத் தேடு, அங்குள்ள மக்களின் சம்மதத்தோடு அரசர் பெயரில் இடங்களை எடுத்துக்கொள், ஆளில்லாத நிலமென்றால் அப்படியே எடுத்துக்கொள். 'சம்மதம்' என்ற அந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஹிதியில் அந்தக் கப்பலில் ஒருவர் ஏறினார். பெயர் துபையா. ராயாட்டியா தீவைச் சேர்ந்த பூசாரி, கடலோடி. குக்கின் ஆட்களோடு சேர்ந்து அவர் வரைந்த படத்தில் 70க்கும் மேற்பட்ட தீவுகள் இருந்தன. திசைகாட்டி இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் படித்துப் பசிபிக் கடலில் போய் வந்த மக்களின் அறிவு அது. நியூசிலாந்தில் மாவோரிகளோடு பேசுவதற்கும் அவர்தான் துணை. 1770 டிசம்பரில் பட்டேவியாவில் நோய் கண்டு இறந்தார். ஊர் திரும்பவில்லை. நம்ம பாடப் புத்தகத்தில் அவர் பேரைப் படிச்ச ஞாபகம் யாருக்காவது இருக்கா? வழி சொன்னவன் பேர் போயிடுச்சு, வழி கேட்டவன் பேர் நின்னுடுச்சு.

1770 ஏப்ரல் 29. இன்று பாட்டனி பே என்று சொல்லப்படும் இடம். அந்த மக்களுக்கு அது காமே. படகுகள் கரையை நெருங்கியபோது க்வேகல் இனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஈட்டியோடு நின்று தடுத்தார்கள். குக் சுட்டார். ஒருவர் காயம்பட்டார். அங்கிருந்த குடிசைகளில் கிடந்த ஈட்டிகளை 40, 50 என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றில் நான்கு 1771இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. 2024இல்தான் அந்த மக்களின் வாரிசுகளிடம் அவை திரும்பி வந்தன. இரண்டரை நூற்றாண்டு.

அதே 1770 ஆகஸ்ட் 22 அன்று வடமுனையில் ஒரு சிறு தீவில் கொடி ஏற்றி, கிழக்குக் கரை முழுவதும் இங்கிலாந்து அரசருக்கு என்று குக் அறிவித்தார். சம்மதம்? யாரிடமும் கேட்கவில்லை. எதிர்த்து ஈட்டியோடு நின்ற இரண்டு பேர் சொன்ன பதில் குக்குக்குத் தெரியும். 1779இல் குக்கோடு போன ஜோசப் பேங்க்ஸ் நாடாளுமன்றக் குழு முன்னால் அங்கே ஆட்கள் மிகக் குறைவு என்று சாட்சி சொன்னார். கரையை மட்டும் பார்த்தவருடைய சாட்சி. 1788இல் 11 கப்பல்களில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குடியேற்றம் பரவப் பரவ அம்மையும் துப்பாக்கியும் மக்களை அழித்தன. 1889இல் லண்டன் பிரிவி கவுன்சில், நிலையான குடிகள் இல்லாமல் கிடந்த நாடு அது என்று தீர்ப்பில் எழுதியது.

கவனியுங்கள் தோழர்களே. முதலில் 'எங்களுக்குத் தெரியாத நிலம்'. அதில் 'எங்களுக்கு' என்பதைத் தூக்கிவிட்டால் 'தெரியாத நிலம்'. அடுத்து 'ஆளில்லாத நிலம்'. கடைசியில் 'எங்கள் நிலம்'. நாலு சொல்லில் ஒரு கண்டம் கைமாறிவிட்டது. சட்டக்காரர்கள் இதற்குப் பின்னால் வைத்த பெயர் டெர்ரா நல்லியஸ், யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.

இந்தச் சொல்லை உடைக்கக் கிளம்பியவர் ஒரு தோட்டக்காரர். எடி கொய்க்கி மாபோ, டோரஸ் நீரிணையில் உள்ள மேர் தீவைச் சேர்ந்தவர். அவர் தோட்டவேலை பார்த்த இடம் டவுன்ஸ்வில்லில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம். பெயரைப் பாருங்க! 1974 வாக்கில் அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் இருவரோடும் பேசும்போதுதான், தன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம் என்று அவருக்குத் தெரிய வந்தது. நம்பவே முடியவில்லை அவரால்.

1982இல் அவரும் இன்னும் நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். குவீன்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டமே போட்டு வழக்கைக் கொல்லப் பார்த்தது. 1988இல் அந்தச் சட்டம் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். மேர் மக்கள் சாட்சி சொன்னார்கள். எந்தத் தோட்டம் யாருடையது, எந்த மரம் எல்லை, எந்தக் கல்வரிசை எல்லை, அது எந்தப் பாட்டனிடமிருந்து வந்தது என்று சொன்னார்கள். மாபோ தனக்கென்று கேட்ட நிலத்தில் பெரும்பகுதியை விசாரணை நீதிபதி ஏற்கவில்லை. 1992 ஜனவரி 21 அன்று மாபோ இறந்தார். தீர்ப்பு வந்தது 1992 ஜூன் 3. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்னார்கள்: நிலம் மேர் மக்களுடையது, ஆளில்லா நிலம் என்ற கதை செல்லாது. குக் வெள்ளியை அளந்த அதே ஜூன் 3. 223 வருஷம் கழிச்சு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தனியாருக்கு முழு உரிமையோடு கொடுக்கப்பட்டுவிட்ட நிலம் திரும்பாது. நிலத்தோடு தொடர்பு அறவில்லை என்று நிரூபிக்கிற பாரம் விரட்டப்பட்டவர்கள் தலையில்தான். 2023 மார்ச்சில் வத்திக்கான் அந்தப் பழைய 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை'க் கைகழுவியது. அதே ஆண்டு அக்டோபரில், பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தரும் வாக்கெடுப்பு தோற்றது. சொல் செத்தாலும் அதிகாரம் சாவதில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. காகிதத்தின் பலம் தினமும் பார்க்கிறவன். கடன் கேட்டு வருகிறவர் நாற்பது வருஷம் உழுதிருக்கலாம், பட்டா இல்லையென்றால் கவுண்ட்டரைத் தாண்டி அவர் பேச்சு போகாது. மேர் மக்களிடம் காகிதம் இல்லை, நினைவு இருந்தது. நமக்கோ 1892இல் அதே வெள்ளை அரசு பிறப்பித்த பஞ்சமி நில ஆணை இருக்கிறது. காகிதம் இருந்தும் நிலம் கையில் இல்லை. எழுதியவன் பக்கம் இருந்தால்தான் காகிதம் பேசும் போலிருக்கு.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. எந்தக் கொல்லை யாருடையது, எந்த மரம் எல்லை, எந்த வருஷம் எப்படிக் கைவிட்டுப் போச்சு என்று சேரியில் இருக்கிற கிழவன் கிழவிகளைக் கேளுங்க. சொல்றதைத் தேதி போட்டு, பேர் போட்டு எழுதுங்க. நீதிமன்றத்தில் அது நிற்குமா என்று இன்றைக்கே கணக்குப் போட வேண்டாம். மேர் தீவில் அப்படிப்பட்ட பேச்சுதான் ஒரு கண்டத்தின் சட்டத்தை மாற்றியது.

தெரியாது என்று சொல்லியே நம்மை இல்லாமலாக்கப் பார்ப்பார்கள். நமக்குத் தெரிந்ததை நாம் எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.