ஆரஞ்சு மரங்களை வெட்டும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பின்புறச் சரிவில் இருக்கும் நான்கு ஆரஞ்சு மரங்களை வெட்டிவிட்டு கார் நிறுத்த இடம் எடுக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். நானும் கை தூக்கியவன்தான். இன்று அந்தக் கையை இறக்கிக்கொள்கிறேன்.

ஆரஞ்சு, எலுமிச்சை, நாரத்தை எல்லாவற்றுக்கும் வேர்த்தூவிகள் குறைவு. மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுக்க, வேரோடு ஒட்டி வாழும் 'வேம்' என்ற பூஞ்சையைத்தான் அவை நம்பியிருக்கின்றன. நீலகிரியின் அமில மண்ணிலோ இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் நோய் வரக்கூடாதென்று நாற்றங்கால் மண்ணுக்கு நச்சுப்புகை ஏற்றினார்கள். எலுமிச்சை இன நாற்றுகள் குன்றிப்போயின. வேர்ப்பூஞ்சையும் சேர்ந்து செத்ததுதான் காரணம் என்று 1972-இல் ஆய்வு வெளியானது. நாமும் வருடா வருடம் களைக்கொல்லி அடித்து, சருகைக் கூட்டி அள்ளி, அந்த மண்ணைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

இரண்டு மரங்களின் அடித்தண்டில் பிசின் வடிகிறது. மழைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் வரும் பைட்டோப்தோரா வேரழுகலாக இருக்கலாம். முதலில் ஒரு வடிகால் வெட்ட வேண்டும். அதைச் செய்யாமல் எந்த நுண்ணுயிரைப் போட்டும் பயனில்லை. பிறகு டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் பொடிகளை மக்கிய சாணத்தில் கலந்து வேர்ப்பகுதியில் இடலாம். டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சையைச் சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைத்துவிடும். எக்டருக்கு 2.5 கிலோ பொடி, 50 கிலோ தொழுவுரம் என்பது கணக்கு. நமக்குச் சில கைப்பிடி போதும். போர்டோ கலவையைத் தண்டில் மட்டும் பூசுங்கள். மண்ணில் ஊற்றினால் நாம் விட்ட நல்ல பூஞ்சையும் போய்விடும்.

கூடவே ஜீவாமிர்தம்: 20 லிட்டர் தண்ணீர், சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம், பயறு மாவு தலா 200 கிராம், மரத்தடி மண் ஒரு பிடி. குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்த பின் ஊற்றுங்கள். குளோரின் நுண்ணுயிருக்கு ஆகாது. சமவெளியில் இரண்டு நாளில் தயாராகும், நம் குளிரில் கூடுதலாக ஓரிரு நாள். வாடை வரும், மூன்றாம் மாடிவரை வராது என்று நம்புகிறேன்!

நான்காவது மரத்தின் இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளாகியுள்ளன. அது கிரீனிங் நோய் என்று தோட்டக்கலைத் துறையினர் பார்த்து உறுதி செய்தால் வெட்டத்தான் வேண்டும். எந்த நுண்ணுயிரும் அதைக் குணப்படுத்தாது. சிறு பூச்சிகள் மற்ற மூன்றுக்கும் பரப்பிவிடும்.

மற்ற மூன்றுக்கும் அடுத்த இரண்டு மழைக்காலம் அவகாசம் கேட்கிறேன். ஞாயிறு காலை வடிகால் வெட்டுகிறோம். மண்வெட்டி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.