கணக்கில் வராத கைகள்

(காரைக்குடியில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம்ம ஊர்ல பழசுக்கு நல்ல மதிப்பு. முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டியார் வீட்டுத் தேக்குக் கதவை வெளியூர்க்காரர்கள் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். இன்னொரு பழசும் இருக்கிறது. காயலான் கடைப் பழசு. கதவைத் துடைத்து விற்பவர் வியாபாரி. கணினியை உடைத்துப் பிரிப்பவர் யார்?

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் கிளையில் பழைய கணினிகளைக் கழித்தபோது கணக்கெழுதியவன் நான்தான். ஏலத்தொகை வரவு, பேரேட்டில் ஒரு வரி, முடிந்தது. சில மாதம் கழித்து ஊருக்கு வெளியே எங்கள் சேரிப் பையன்கள் வயரை எரித்துச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கிடந்த பெட்டியில் எங்கள் கிளையின் எண். என் கையெழுத்து. இருமிக்கொண்டே ஒருத்தன் கேட்டான்: "என்னண்ணே, ஒங்க பேங்கு சாமானா?" எனக்குப் பதில் வரவில்லை.

இதற்கும் கணினியே தீர்வு என்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி உற்பத்தியாளரும் மறுசுழற்சியாளரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். மீட்ட தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியத்துக்கு அங்கேயே சான்றிதழ். கம்பெனிகள் அதைக் காசு கொடுத்து வாங்கித் தம் கடமையைக் கழித்துக்கொள்ளலாம்.

நான் கணினிக்கு விரோதியல்ல. ஐ.நா. அறிக்கைப்படி 2022இல் உலகம் கழித்துப்போட்ட மின்கழிவு 620 லட்சம் டன். முறையாக மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதி எங்கே போகிறது என்று தெரியக் கணக்கு வேண்டும்தான். ஆனால் சான்றிதழ் செம்பின் எடைக்கு. பிரித்த கைக்கு அல்ல.

மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. மலக்கூடையை இறக்கிவிட்டு ஈயப் புகையைச் சுவாசிப்பதற்குப் பெயர் விடுதலையா? மின்சாரத்தால் உலோகத்தைப் பிரிக்கும் வித்தையை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே ஊரில் இருக்கிறது. நம்ம பையன் நெருப்பில் பிரிக்கிறான்.

அதே விதிகளில் இன்னொரு பகுதி உண்டு. பிரிக்கும் தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவு செய்வது, பயிற்சி தருவது, உடல்நலத்தைக் கண்காணிப்பது, வேலைக்கு இடம் ஒதுக்குவது, எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. இதைக் கேட்க வேண்டியது நாம்.

மாணவத் தோழர்களே, கடை கடையாய்ப் போவோம். பெயர், வயது, எத்தனை வருஷமா இந்த வேலை, என்ன நோய், எல்லாம் எழுதுவோம். சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்போம். அந்தப் பையனிடம் பெயர் கேட்டு நோட்டில் எழுதிவிட்டேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்க.